பூட்டிய கடல்

"வாயைத் திறக்காதே பெனி, நீ வாயைத் திறந்தாலே..."

"அண்ணி, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"...பொய்தான் வரும். கடலைப் பூட்டியிருக்குன்னு உனக்குத் தெரியாதா? கழி நட்டிருக்கிறது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு, பட்டுச்சு! அதனாலதான் வடக்கு வழியா சுத்தி உள்ளே வந்தோம். கழிக்கு ரொம்பத் தள்ளித்தான் நங்கூரம் போட்டிருக்கு. நானே நின்னு பார்த்து..."

"நின்னு பார்த்தியா? உங்க அண்ணன் சட்டையைக் குழியில வச்சு மண்ணு தள்ளினோமே, அப்ப வந்து நின்னு பார்த்தியா?"

வசிதி, கிழித்துக்கொண்டிருந்த தாழை ஓலையை மடியில் போட்டுவிட்டுக் கொழுந்தன் பெனியை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வெளுத்துப்போன முடி. வெள்ளைக்காரன் கொடுத்த சட்டை. கறுப்புச் சட்டைதான், ஆனால் நெஞ்சில் ஏதோ பீர் கம்பெனியின் படம். தலைமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி.

"முதல்ல அதைத் தலையில இருந்து எடு. ஊருக்குள்ளதானே நிக்கிறே? ஓட்டல்ல இல்லையே?"

சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். முப்பத்தைந்து வயது ஆள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

யாவுதா தீவின் தலைவன் நெமானி. வசிதியின் புருஷன். அவன் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. தெற்கே பவளத்திட்டு உடைந்து கடல் உள்ளே வரும் இடத்தை ஊரில் 'வாசல்' என்பார்கள். அங்கே மூழ்கி மீன் குத்தப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி அலையோடு வந்து சேர்ந்தது. ஊர் ஆம்பளைகள் எல்லோரும் இறங்கித் தேடினார்கள். கிடைத்தது ஒரு செருப்பு. அதோடு அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் படுத்த பாயையும் சேர்த்துப் புதைத்துவிட்டு, வாசலின் இரண்டு பக்கமும் கழி நட்டு, தென்னங்குருத்தும் கறுப்புத் துணியும் கட்டிக் கடலைப் பூட்டினார்கள். நூறு ராத்திரிக்கு அங்கே யாரும் வலை போடக் கூடாது, நீந்தக் கூடாது, படகு ஓட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நூறாம் ராத்திரி அங்கே பிடிக்கிற முதல் மீனைச் சமைத்து ஊருக்குப் போட்டால்தான் வசிதியின் கறுப்பு மாறும். புதுப் பூத்துணி கட்டிவிடுவார்கள், முடியை வெட்டிவிடுவார்கள், அதன் பிறகு அவள் சபையில் உட்காரலாம், சிரிக்கலாம், பிறந்த ஊருக்குப் போகலாம், இங்கேயே இருக்கலாம். அதுவரை அவள் பாதி செத்தவள்தான். மலையில் இருக்கிற குழி வெறும் சட்டைக்கு. நெமானிக்குக் குழி அந்த வாசல்தான்.

அந்த வாசலில்தான் அலையும் வரும். தென்காற்றுக் காலத்தில் எங்கோ நியூசிலாந்துக்குக் கீழே புயல் அடித்தால், இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே வந்து எழும்பும். சுருண்டு, திட்டின் விளிம்பு நெடுக இடது பக்கமாக உரிந்துகொண்டே போகும். பையன்களாக இருந்தபோது நெமானியும் பெனியும் உடைந்த படகுப் பலகையைப் போட்டு அதில் ஏறியவர்கள். நெமானி அதோடு விட்டான். பெனி அதைப் பிடித்துக்கொண்டே பெரிய தீவுக்குப் போய், ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களை அலைக்குக் கூட்டிப்போகும் வேலையில் சேர்ந்து, இப்போது ஒரு பாய்ப்படகோடு வந்து நிற்கிறான். படகில் ஐந்து ஆஸ்திரேலியர்கள், பதினோரு அலைப்பலகைகள்.

"எனக்குத் தெரியாது அண்ணி. சேதி எனக்கு லேட்டாத்தான் வந்துச்சு. அதுக்குள்ள கப்பல் கிளம்பிடுச்சு."

"கப்பலுக்குச் சாமான் ஏத்தினவன் நம்ம ஊர் லூசேயோட தம்பி. நீ துறையில வெள்ளைக்காரனோட நின்னு பலகையை எண்ணிக்கிட்டிருந்தியாம். அவன் கூப்பிட்டானாம், 'அண்ணன் போயிட்டாரு, ஏறு'ன்னு. நீ கையை ஆட்டினியாம்."

"அது... எனக்குக் கேக்கலை."

"இன்னொரு பொய்."

பெனி கீழே உட்கார்ந்தான். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வந்திருந்தா மட்டும் என்ன அண்ணி? அண்ணன் எந்திரிச்சு வந்திருப்பாரா? படகுக்காரர் கிரெய்க் என்னை விட்டுட்டு வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிருப்பார். அப்புறம் நான் காலம் பூரா அந்த விடுதியில வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குப் பலகை கழுவணும். கிரெய்க் என்னை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார். அங்கே வேலை இருக்கு."

"போ. யார் வேண்டாம்னா? ஆஸ்திரேலியாவுக்குப் போற வழி உங்க அண்ணன் மேலயா இருக்கு?"

"அலை நாளைக்கு வருது அண்ணி. நாளைக்கும் மறுநாளும். அதுக்குத்தான் இத்தனை தூரம் பாய் விரிச்சு வந்திருக்காங்க. இன்னொரு விஷயம். சௌலோ மாமா ஏற்கெனவே வேரை வாங்கிட்டார்."

வசிதிக்கு அது தெரியும். அடுப்படியில் மரவள்ளி உரித்துக்கொண்டிருக்கும்போதே கைத்தட்டல் காதில் விழுந்துவிட்டது. குழிந்த உள்ளங்கைகள் மோதும் அந்தக் கனத்த சத்தம். இந்த ஊரில் அதைத் தவறாக யாரும் புரிந்துகொள்ள முடியாது. வந்தவர்கள் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைக் கட்டாகப் பாயில் வைத்துவிட்டார்கள், ஊர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி அவர்கள் விருந்தாளி இல்லை, ஊர்ப் பிள்ளைகள். நிலமும் தண்ணீரும் அவர்களுக்கும் உண்டு.

தலைவனுக்காகச் சபையில் பேசும் வாயாக இருப்பவர் சௌலோ கிழவர். வேரைத் தொடுவதற்கு முன்னால் எங்கே போகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டியவர். ஆனால் நாற்பது வருஷப் பழக்கம். வேரைக் கண்டதும் கை போய்விட்டது, கை போனதும் வாய் மந்திரம் மாதிரி ஓடிவிட்டது, கடைசிக் கைத்தட்டல் முடிந்த பிறகுதான் மனுஷருக்குக் கழியும் கறுப்புத் துணியும் ஞாபகம் வந்திருக்கிறது.

"உனக்குத் தெரியும்," என்றாள் வசிதி. "அவர் கை முந்திக்கும்னு உனக்குத் தெரியும். அதனாலதான் நேரா அங்கே கூட்டிட்டுப் போனே. இங்கே வரலை. அண்ணன் செத்த வீட்டுக்கு ரெண்டாவதா வந்தே."

பெனி எழுந்து நின்றான். கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தான்.

*

பகல் சாயும் முன்னே ஒரு வெள்ளைக்காரி வந்தாள். ஜோடி என்று பெயர். படகுக்காரன் கிரெய்க்கின் பெண்டாட்டி. ஐம்பது வயசிருக்கும். மூக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே வரை துணி சுற்றியிருந்தாள், செருப்பை வாசலிலேயே விட்டாள், நின்றுகொண்டு பேசாமல் குனிந்தே உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு மூட்டை. மாவு, சர்க்கரை, டீத்தூள்.

திட்டுவதற்குத் தயாராக இருந்த வசிதிக்கு இது பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. எலுமிச்சை இலை போட்ட டீயை ஆற்றி முன்னால் வைத்தாள்.

"நீங்க இங்கிலீஷ் பேசுவீங்கன்னு பெனி சொன்னார்."

"கல்யாணத்துக்கு முன்னாடி சுவா பட்டணத்துல ஓட்டல்ல துணி வெளுத்தேன். அந்த அளவுக்குப் பேசுவேன்."

"உங்க கணவருக்காக ரொம்ப வருத்தப்படுறோம். சவுசவு துறைமுகத்துல இருக்கும்போது பெனிக்குச் சேதி வந்தது. அன்னைக்கு ராத்திரி பூரா அழுதார். நாங்க எல்லாரும் கூடவே இருந்தோம்."

வசிதி தலையாட்டினாள். அப்படியானால் அழுதிருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது. அழுதுவிட்டுக் கப்பலில் ஏறாமல் இருந்திருக்கிறான். அது இன்னும் மோசமாகப் பட்டது.

"அப்பத்தான் பெனி கேட்டார், அண்ணனுக்காக அந்த அலைக்குப் போகலாமான்னு. எங்க ஊர்ல, அலை ஏறுறவங்க யாராவது இறந்துட்டா ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பலகையில படுத்துத் துழாவிக் கடலுக்குள்ள போவோம். வட்டமா உக்காந்து கையைக் கோத்துக்குவோம். பூவைப் போடுவோம். அப்புறம் தண்ணியை அடிச்சு, அவர் பேரைச் சொல்லிச் சத்தமாக் கத்துவோம். எங்க அப்பாவுக்கு நாப்பது பேர் போனோம். அதைவிட அழகா ஒரு பிரிவு இருக்க முடியாது." ஜோடியின் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. "உங்க கணவருக்கு அதைச் செய்யணும். பெனி சொன்னார், குடும்பத்துக்கும் அதுதான் விருப்பம்னு."

வசிதி டீக் கோப்பையைப் பார்த்தாள்.

இறங்காதே, கத்தாதே, தொடாதே என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறது. இவர்கள் இறங்கி, தண்ணீரை அடித்து, கத்துவதுதான் மரியாதை என்கிறார்கள். இரண்டும் துக்கம்தான். ஒன்றின் மேல் இன்னொன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் பெனி. இந்த வெள்ளைக்காரிக்கு அது தெரியாது.

"அந்தக் கழி, கறுப்புத் துணி..." ஜோடி தயங்கினாள். "அதைப் பத்திக் கிரெய்க் கேட்டார். பெனி சொன்னார், அது சும்மா துக்கத்துக்கு அடையாளம்னு. ஆனா எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட நேரா வந்தேன். நீங்க மனைவி. நீங்க வேண்டாம்னு சொன்னா நாங்க போக மாட்டோம். நாளைக்குக் காலையிலேயே பாயை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவோம். கிரெய்க்கும் அதையேதான் சொன்னார். நிஜமாச் சொல்லுங்க. நாங்க போகலாமா?"

கேட்டுவிட்டாள். ஊரில் வேறு யாரும் கேட்காத கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம், நேருக்கு நேராக. ஒரு வார்த்தைதான். 'வேண்டாம்' என்று சொன்னால் முடிந்தது. வசிதிக்கு அந்த வார்த்தை இங்கிலீஷிலும் தெரியும். ஓட்டலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

ஆனால் அந்தப் பெண் அவள் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஊற்றிய டீ பாதி குடித்தபடி இருக்கிறது. கொண்டு வந்த மாவு மூட்டை சுவரோரம் சாய்ந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்து 'கூடாது' என்று இந்தத் தீவில் யார் சொல்லியிருக்கிறார்கள்? வசிதியின் அம்மா சொன்னதில்லை, அவள் அம்மாவும் சொன்னதில்லை. ஐந்து வயதில் ஒரு விருந்தாளிக்குத் தன் மீன் துண்டைக் கொடுக்க மாட்டேன் என்றதற்கு வாயில் வாங்கிய அடி இன்னும் உதட்டில் இருக்கிறது. நாக்குக்கு அந்தப் பாதையே கிடையாது.

"பரவாயில்ல," என்றாள் வசிதி. "போங்க."

"நிஜமாவா?"

"பரவாயில்ல."

ஜோடி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். வசிதி அழவில்லை. ஜோடி போன பிறகு கோப்பையை எடுக்கக் குனிந்தாள். ஆறின டீயின் மேல் ஒரு எறும்பு மிதந்தது.

*

வசிதியின் பெட்டியின் அடியில் பழைய சேலைத் துணி மாதிரி மெத்தென்ற மரப்பட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தது ஒரு திமிங்கிலப் பல். இரண்டு முனையிலும் தென்னைநார்க் கயிறு. தேங்காயெண்ணெய் ஊறி ஊறித் தேன் நிறத்துக்கு வந்தது. நெமானிக்காகப் பெண் கேட்டு அவள் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோனது. சாவுக்கு வந்த அண்ணன்மார் அதைத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே சௌலோ வீட்டுக்குப் போனாள். பல்லை நீட்டி ஒரு காரியம் கேட்டு, எதிராளி அதைக் கையால் வாங்கிவிட்டால் அந்தக் காரியம் நடந்தே தீர வேண்டும். வேர்க்கட்டெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது.

சௌலோ சன்னலோரம் உட்கார்ந்து பைபிள் வாசித்துக்கொண்டிருந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"கண்ணாடி நல்லாயிருக்கு மாமா."

"படகுக்காரங்க கொடுத்தாங்க. ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருக்காங்க, ஊர்க் கிழடுங்களுக்கெல்லாம்." சிரித்தார். "மூணு வருஷமா மத்தேயுவை மனப்பாடத்துல இருந்துதான் வாசிச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது, ரெண்டு இடத்துல நானாச் சேர்த்துச் சொல்லியிருக்கேன்."

வசிதி சிரிக்கவில்லை. முட்டிபோட்டு, துணியைப் பிரித்து, பல்லை இரண்டு கையிலும் ஏந்தினாள். சௌலோவின் சிரிப்பு நின்றது. பைபிளை மெதுவாக மூடினார்.

"அம்மாடி, அதை உள்ளே வை."

"இது உங்களுக்குத் தெரியுதா மாமா? கண்ணாடிதான் போட்டிருக்கீங்களே."

"தெரியாம என்ன? நான்தானே தூக்கிட்டுப் போனேன். உங்க அப்பன் அரை நாள் உக்கார வச்சான்."

"அப்ப எங்க அப்பா கையை நீட்டினார். இப்ப நீங்க நீட்டுங்க. நாளைக்கு அவங்க வாசலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

சௌலோவின் கைகள் மடியில் இருந்தன. இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். குளிர்ந்த தரையில் பிள்ளைகள் உட்காருவதுபோல.

"நீட்ட மாட்டேன்மா."

"மாமா..."

"வெள்ளைக்காரிகிட்ட நீயே சரின்னு சொன்னியாம். கரையில சொல்லி அழுதுக்கிட்டுப் போறா, நீ எவ்வளவு பெரிய மனசுக்காரின்னு."

"என் வாய் சொல்லிடுச்சு மாமா."

"என் கையும் அப்படித்தான்மா."

வெளியே யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம்.

"ஒரு தடவை கை தப்பு பண்ணிடுச்சு," என்றாள் வசிதி. "இந்தத் தடவை சரியாப் பண்ணட்டும். என்ன கெட்டுப்போச்சு?"

"வேரை வாங்கின கையால விரட்டுறதா? நாளைக்கு வேற தீவுல நம்ம பிள்ளைங்க கரை ஏறும்போது எவன் வாங்குவான்?" குரலைத் தாழ்த்தினார். "அதை விடு. பெனி யாரு? உன் புருஷனுக்கு அடுத்தவன். துக்கம் முடிஞ்சா தலைமாட்டுப் பாயில தலைவனா உக்காரப் போறவன் அவன். நாளைக்கு நான் அவனுக்குத்தான் வாய். இன்னைக்கு அவன் கூட்டிட்டு வந்தவங்களை நான் துரத்தினா..."

"அவன் எங்கே உக்காரப் போறான்? ஆஸ்திரேலியாவுக்குப் போறானாம்."

"போவான், வருவான். அடுத்த வருஷம் நிறைய படகு வரும்னு சொல்றான். டீசல் வரும். நர்ஸம்மா வீட்டுக்குக் கூரை வரும்."

"அதுக்கு என் புருஷன் மேல நடக்கணுமா?"

சௌலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குக் கை தேவைப்பட்டது. துடைத்ததும் திரும்ப அடியில் வைத்துக்கொண்டார்.

வசிதி ஏந்திய கை வலிக்கும் வரை அப்படியே இருந்தாள். பிறகு பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வேர் என்றால் நீண்ட கை பல் என்றால் நீளவில்லை.

*

சொன்னபடியே அலை வந்தது. விடியும்போதே திட்டில் இடி இடிப்பதுபோல் சத்தம். ஊரே கரைக்கு வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க மட்டும் இல்லை. பூட்டிய கடலில் இறங்கினவனைச் சுறா விடாது என்று எல்லோருக்கும் தெரியும். அவரவர் வீட்டில் அதற்கு ஒரு கதை இருந்தது, காலை இழந்த சித்தப்பா, கையை இழந்த பெரியப்பா. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தண்ணீரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வசிதி கறுப்புத் துணியோடு கொஞ்சம் தள்ளி ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் லூசே. முறைக்கு நாத்தனார். வாய்க்கு ஊரிலேயே முதலிடம்.

"மதினி, அந்தச் சிவப்பு முதுகுக்காரனைப் பாரேன். சுறாவுக்கு அவிச்சே வச்ச மாதிரி இருக்கான்."

"சும்மா இரு லூசே."

"பெனியைச் சுறா தொடாது. அவனைத் தின்னா அதுக்கு வயித்துக்கு ஆகாது."

வசிதிக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

அலைக்கு அப்பால் ஆறு பலகைகளும் வட்டமாகச் சேர்ந்தன. கை கோத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பூ பறந்தது. நேற்று சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளை விட்டுப் பறிக்க வைத்த பூ. பிறகு ஒரே நேரத்தில் தண்ணீரை அடித்துக் கத்தினார்கள். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியதால் கரை வரைக்கும் கேட்டது.

"நெமானி! நெமானி!"

ஊரில் இரண்டு மாதமாக யாரும் உரக்கச் சொல்லாத பேர். ஒரு கிழவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வசிதி இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு, கண் இமைக்கும் நேரம்தான், வட்டம் கலைந்தது. பூ மிதந்துகொண்டே இருந்தது, அவர்கள் அலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பெனிதான் முதலில் ஏறினான். பெரிய அலை. நீலம் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நின்றது, அதன் முகத்தில் அவன் குறுக்கே இறங்கி வந்தான். முழங்கால் மடித்து, இடது கையைத் தண்ணீரில் உரசவிட்டபடி. அந்த இடது கை! நெமானி அப்படித்தான் விடுவான். படகை ஓட்டும்போதும் அப்படித்தான், ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வருவான். வசிதி தன்னை அறியாமல் கட்டையிலிருந்து எழுந்துவிட்டாள். பிள்ளைகள் கூவினார்கள். அலை சுருண்டு அவனை மூடியது. இன்னும் மூடியது. பிறகு அவனை வெளியே துப்பியது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

வசிதி உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மத்தியானம் வரை ஏறினார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறினார்கள். மறுநாளும் ஏறினார்கள். ஒரு சுறாத் துடுப்புகூட மேலே வரவில்லை. சிவப்பு முதுகுக்காரனுக்குப் பவளம் பட்டு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இரண்டாம் நாள் மத்தியானம் கரையில் வேடிக்கைக்கு ஆள் குறைந்துபோயிற்று. லூசேயும் சிரிப்பை விட்டுவிட்டாள்.

"ஒன்னுமே ஆகலையே மதினி," என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. ஏமாற்றமா, வேறு ஏதாவதா என்று வசிதியால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலமே லூசேயின் புருஷன் ஈட்டியோடு வாசலுக்குப் போனான். திரும்பும்போது படகு தண்ணீரில் அழுந்திக் கிடந்தது. இரண்டு மாதம் யாரும் தொடாத மீன். கிளிமீன், பாறை, தொடை அளவுக்கு விளமீன். கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில் நியாயமாகத்தான் இருந்தது. "ஊர் பேர் தெரியாதவன் போகலாம், நான் போகக் கூடாதா?" அடுத்த நாள் விடியலில் வலைகள் இறங்கின. சௌலோவின் மகன்கள் வலையும் இருந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. பயந்துகொண்டிருந்த வரைக்கும்தான் பூட்டு பூட்டாக இருந்தது.

வசிதி கரையோரம் நடந்தபோது அந்தக் கழியைப் பார்த்தாள். வாசலில் நட்டிருந்த கழிதான். நுனியில் குருத்து காய்ந்து தொங்கியது, கறுப்புத் துணி அப்படியே இருந்தது. யாரோ பிடுங்கி வந்து படகைத் தள்ளப் பயன்படுத்திவிட்டு மணலில் போட்டிருந்தார்கள். அவள் துணியை அவிழ்த்தாள். உப்பேறி அட்டை மாதிரி இருந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

*

கிளம்பும் நாள் மத்தியானம் படகுக்காரர்களுக்கு ஊர் விருந்து வைத்தது. வசிதி போகவில்லை. கறுப்புக் கட்டியவள் சபையில் உட்காரக் கூடாது. அவள் வீட்டிலிருந்தே பாட்டுச் சத்தம் கேட்டது. விடைகொடுக்கும் பாட்டு. நல்ல குரல்கள். ஜோடி தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள், நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தாள். வசிதியும் கையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது?

பெனி வந்தான். இந்தத் தடவை தலையில் கண்ணாடி இல்லை. வாழையிலை மூடிய ஒரு தட்டு கையில். வாசலில் செருப்பை விட்டு, குனிந்து உள்ளே வந்து, அவள் முன்னால் தட்டை வைத்து இலையை விலக்கினான். தேங்காய்ப் பாலில் வெந்த விளமீன் தலை. பக்கத்தில் சேப்பங்கிழங்கு. தலைவன் வீட்டுக்குப் போகும் பங்கு.

"சாப்பிடுங்க அண்ணி. நானே பிடிச்சேன்."

"எங்கே பிடிச்சே?"

அவன் தட்டைச் சற்று முன்னால் தள்ளினான்.

"சௌலோ மாமா என்ன சொன்னார்?"

"போயிட்டு வான்னார். ஆசீர்வாதம் பண்ணினார்." பெனி மூக்கை உறிஞ்சினான். "நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் உங்களுக்கு அனுப்புவேன் அண்ணி. அண்ணனுக்கு சிமெண்ட்ல நல்ல சமாதி கட்டலாம். கிரெய்க் ஒரு பித்தளைத் தகடு பண்ணித் தரேன்னார், பேர் போட்டு."

"எதுக்கு மேல வைப்பீங்க? சட்டை மேலயா?"

"அண்ணி, நான் அண்ணனுக்காகத்தான்..." அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "அந்த அலைக்குள்ள போனப்ப அவர் என்கூட இருந்தார். நிஜமாச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சுது."

பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியாவது தீர்த்திருக்கலாம். கரையில் யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பெனி எழுந்து, அவளுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்குப் போனான். அந்த மரியாதையை மட்டும் அவன் மறக்கவில்லை.

வசிதி இடுப்பிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து மீன் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"பெனி, நூறாம் ராத்திரிக்கு வாசல்ல முதல் மீன்னு ஒன்னு இருக்காது. என் கறுப்பை எதை வச்சு மாத்துவீங்க?"